சுபுதாயைச் சாந்தோமுக்கு அழைத்து வந்தவர்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் படிப்பகச் செயலாளர் திரு. ராகவேந்திரன் அவர்களே, தந்தையை இழந்த துயரிலும் எங்களோடு வந்து அமர்ந்திருக்கும் ரூபீனா அம்மையாரே, மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு நேரே வந்திருக்கும் சாந்தோம் பெருமக்களே! காவேரியாகிய நான் உங்களை வணங்குகிறேன்.

போர்க்கலைப் பேருரையாளர் ஹபீபுர் ரஹ்மான் ஐயா மறைந்துவிட்டார். லஸ் முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்திய அவரை, ஞாயிறுதோறும் இங்கே இழுத்து வந்தது யார்? செங்கிஸ்கானின் படைகளை நடத்திய சுபுதாய் என்னும் மங்கோலியத் தளபதி! கொல்லன் மகனாகப் பிறந்தவன். சீனத்திலிருந்து ஐரோப்பா வரை போர் நடத்தியவன். அந்த வாழ்வை ஐயா வாரம் ஒரு பகுதியாக எங்களுக்குச் சொன்னார். பள்ளி எனக்குத் தராத உலகத்தை அவர் தந்தார்!

ஐயா தம் பேச்சைத் தாமே தொடங்கியதுண்டா? இல்லை! நம்மில் ஒருவர் எழுந்து சென்ற வாரக் கதையைச் சொல்ல வேண்டும். பிறகுதான் அவர் வாய் திறப்பார். ரஷ்யர்களைக் கண்டு சுபுதாயின் படை பின்வாங்கி ஓடிய இடத்தில் ஒருமுறை பேச்சை நிறுத்திவிட்டார். மீன் விற்கும் நம் பொன்மணி அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா பாய், பெரிய தளபதின்னு தூக்கி வெச்சிக்கினு இருந்தே, இப்ப ஓடிக்கினு கீறான்?”

“அவசரப்படாதே பொன்மணி. ஓடுறவன் எங்கே கூட்டிட்டுப் போறான்னு அடுத்த வாரம் பாரு.”

“அது வரைக்கும் நான் தூங்குறதா வேணாவா?”

மறுவாரம் மீன் அங்காடியே இங்கு வந்தது. துரத்தியவர்களின் அணி சிதறி நீண்டதும் சுபுதாய் திரும்பித் தாக்கிய கதையைக் கேட்டு அக்கா கூவினார்: “அட கில்லாடி! வஞ்சிரத்துக்குத் தூண்டி நரம்பு உட்டு இழுக்குற மாதிரி இல்ல கீது!” ஐயா சிரித்த சிரிப்பு இன்னும் என் செவியில் ஒலிக்கிறது.

சுபுதாயை வழிபடச் சொன்னாரா? ஒருபோதும் இல்லை! எரிந்த நகரங்களையும் அதே வாயால் சொன்னார். “திறமையை வியந்துக்கோங்க, செத்தவங்களை மறந்துடாதீங்க” என்பார்.

கடைசி ஞாயிறன்று ஹங்கேரியப் போரைச் சொன்னார். ஆற்றைக் கடக்கச் சுபுதாய் தாமதித்ததால் தன் வீரர்கள் மாண்டார்கள் என்று செங்கிஸ்கானின் பேரனான இளவரசன் பாத்து கான் சீறினான். பேச்சு அங்கே நின்றது. வியாழனன்று ஐயாவின் மூச்சும் நின்றது. அவர் வீட்டு வாசலில் பொன்மணி அக்கா என் கையைப் பற்றி அழுதார்: “அந்த இளவரசன் திட்டிட்டானே, அப்பால இன்னா ஆச்சு காவேரி? பாய் சொல்லாமயே பூட்டாரே!”

செயலாளர் அவர்களே, பேச ஆளில்லாததால் ஞாயிறு மாலைகளில் இந்த அறையைப் பூட்டிவிடலாமா என்று கேட்டீர்கள். பூட்ட வேண்டாம் ஐயா! அவர் தந்த நூல்களை ஊன்றிப் படித்திருக்கிறேன். வரும் ஞாயிறு முதல் நான் பேசுவேன். தவறினால் எழுந்து என்னைத் திருத்துங்கள்!

அக்கா, உங்களை ஞாயிறு வரை காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. இதோ, விடை! “இளவரசே, நீங்கள் கடந்த இடத்தில் ஆழம் குறைவு, பாலமும் இருந்தது; என் பக்கம் ஆழம், பாலமோ கட்டி முடியவில்லை” என்றான் சுபுதாய். இளவரசனும் உண்மையை உணர்ந்தான். பின்னொரு நாள் விருந்தில், எல்லோர் முன்னிலையிலும் சொன்னான்: “அந்தப் போரில் நாம் பெற்றதெல்லாம் சுபுதாயால் பெற்றது.”

நாங்களும் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறோம். இந்த அறையில் நாங்கள் பெற்றதெல்லாம், ஹபீபுர் ரஹ்மான் ஐயா, உங்களால் பெற்றது!