கால்சட்டைப் பையில் ஒரு கையுறை

கைக்குட்டை வைத்துக்கொள்ளாத ஆட்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பாட்டுக்காரன் அந்த ரகம். வேலை செய்யும்போது முணுமுணுவென்று எதையாவது பாடிக்கொண்டே இருப்பான் என்பதால் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு அந்தப் பெயர். குரல் ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. தங்கமான பையன், அதையும் சொல்லிவிடுகிறேன் ஐயா. அவன்மேல் எனக்குக் கோபதாபம் எதுவும் இருந்ததில்லை.

அவனுக்குக் கண்ணாடிப் பெட்டியில் வேலை. பெட்டிக்குள் கதிரியக்கத் தூள் இருக்கும். அதன் சுவரில் பொருத்திய தடித்த ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டு, வெளியே நின்றபடியே தூளை அள்ளி நிறுத்துக் குப்பியில் அடைக்க வேண்டும். ரப்பருக்குள் கை வியர்க்கும் என்பதால் பருத்தியில் மெல்லிய உள்கையுறை கொடுப்போம். வேலை முடிந்ததும் அதை எங்கள் சலவைக்குப் போட்டுவிட வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தச் சலவை மருந்தில் துணி விறைத்துப்போய் விரலிடுக்கெல்லாம் புண்ணாகும். அதனால் ஆட்கள் கமுக்கமாக அதைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டுபோய் வீட்டிலேயே துவைத்து எடுத்து வருவார்கள். பாட்டுக்காரன் வழியில் அதாலேயே முகத்தையும் துடைத்துக்கொள்வான். வாசலில் இருக்கும் சோதனைக் கருவி, சோப்புப் போட்டுக் கழுவிய கையையும் காலையும்தான் பார்க்கும். பையைப் பார்க்காது.

இந்த ஓட்டையை முதலில் கவனித்தவன் நான். அங்கே பாதுகாப்பு அதிகாரி நான்தானே. பையையும் சேர்த்துப் பார்க்கிற கருவி வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை வற்றக் கேட்டேன். இயக்குநர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருமுறை எல்லார் முன்னாலும், "அடுத்து வாயத் தொறந்து பாக்கணும்பீங்களா?" என்றார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு காலை, வழக்கமான சோதனையில், சாப்பாட்டு அறையில் பாட்டுக்காரன் உட்காரும் நாற்காலியில் கதிரியக்கம் பட்டால் சத்தம் போடும் என் கைக்கருவி லேசாகச் சடசடத்தது. மற்ற நாற்காலிகளில் ஒன்றுமில்லை. நேராக அவனுடைய கண்ணாடிப் பெட்டிக்குப் போய் ரப்பர் கையுறையைப் பார்த்தேன். கட்டைவிரல் ஓரத்தில் ஊசி குத்தின மாதிரி ஒரு துளை. தூள் அது வழியாகக் கசிந்து, உள்கையுறையில் ஏறி, அவன் பையில் வீடு வரைக்கும் போய்விட்டிருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. அதுவரைக்கும் அது வெறும் விபத்துதான்.

நீங்களாக இருந்தால் உடனே மணியை அடித்திருப்பீர்கள். என்ன நடந்திருக்கும்? ரப்பரை மாற்றி, பையனைக் குளிக்கவைத்து, நாற்காலியைத் துடைத்து, விஷயத்தைப் பூசி மெழுகியிருப்பார்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் சிரிப்பு. கொஞ்சம் பெரிதானால்தான் பெரிய மனிதர்களுக்குக் கண் திறக்கும். ஆகவே பொறுத்திருந்தேன்.

ஒரு நாள் அவன் உள்கையுறையை அலமாரியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். நான் பின்னாலேயே போய் வாசலுக்கு வெளியே பிடித்தேன். "தம்பி, இத மறந்துட்டியே." அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நீங்க கண்டுக்காம விடறதே பெருசுண்ணே. நீங்க இருக்கறப்ப எங்களுக்கு என்ன கவலை?" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். நான் ரப்பர் உறை போட்ட கையால்தான் கொடுத்தேன். பாதுகாப்பு அதிகாரி கையுறையோடு நின்றால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். கருவி சட்டைக்குள், அதன் ஒயர் என் காதில். பாட்டுக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் மனைவி கையுறையைக் குழந்தையின் துணிகளோடுதான் ஊறவைப்பாளாம். பேச்சுவாக்கில் அவளே சொன்னாள். சோபாவில் சடசடப்பு இருந்தது, தலையணையில் அதைவிட அதிகம். அப்போதுதான் நடை பழகும் பெண் குழந்தை, தத்தித் தத்தி வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. சப்பிக்கொண்டிருந்த பிஸ்கட்டை எனக்கு நீட்டியது. காதுக்குள் ஒரே இரைச்சல்.

"கொஞ்ச நாளா பாப்பா சரியாவே சாப்பிட மாட்டேங்குறா அண்ணே. பல்லு மொளைக்குதோ என்னமோ" என்றாள் அவன் மனைவி.

"அதாம்மா இருக்கும்" என்றேன்.

பாட்டுக்காரன் வேலையில் மயங்கி விழுந்த பிறகு விசாரணைக் குழு போட்டார்கள். தலைவர் நான். டீ ஆறுவதற்குள் துளையைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். இயக்குநருக்கு முகம் வெளிறிப்போனது. ஆள் உயரத்துக்குப் புதுக் கருவி வந்து இறங்கியது, பையையும் பார்க்கிற கருவி. இனி எத்தனை குடும்பங்கள் பிழைக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இதை யாரும் பேசுவதில்லை. அவன் ஒரு வார்டில், குழந்தை கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், தாய் இரண்டுக்கும் நடுவே நடக்கிறாள் என்பதை மட்டும்தான் பேசுகிறார்கள். எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? இருக்கிறது. ஆனால் வீடு வரைக்கும் போயிருந்த அளவு அற்பம், குழந்தையை ஒன்றும் செய்யாது என்று மனதார நம்பினேன் ஐயா. எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆமாம், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆய்வுக்கூடத்துக்கு வந்ததாக வாசல் காவலாளி உங்களிடம் சொன்னது உண்மைதான். அந்த வீட்டில் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அங்கிருந்து விடுமுறை நாளென்றும் பாராமல் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய், தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்து, சட்டை, செருப்பு எல்லாவற்றையும் கழிவுப் பீப்பாயில் போட்டு மூடிவிட்டுத்தான் வீடு திரும்பினேன். அற்பம் என்றால் அது எதற்கு என்று கேட்கிறீர்கள்.

இதென்ன கேள்வி ஐயா? எனக்கும் வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறதே.