பொட்டிகள் பேசாத மத்தியானம்

நீலா: ம்ஹூம். இப்பவும் வரலை.

இளங்கோவன்: கர்சர் மினுக்குதா?

நீலா: மினுக்குது. பச்சையா, அது பாட்டுக்கு... கேட்டதுக்குப் பதில் சொல்லாத ஆள் மாதிரி.

இளங்கோவன்: அணைச்சிட்டு மறுபடி போடுங்க.

நீலா: ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டே மூணு தடவை ஆச்சு. நீங்க அங்க அணைச்சா என்னோட பொட்டி முழிச்சுக்குது. நீங்க போட்டா ரெண்டும் படுத்துக்குது.

இளங்கோவன்: நேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்துச்சே. நீங்க ஸ்டோர்ஸ்ல உக்காந்து இங்கிலீஷ் எழுத்துல 'சாப்டாச்சா'ன்னு அடிச்சது, இங்க டிசைன் பிளாக்ல வந்து நின்னுச்சே.

நீலா: வந்து நின்னுச்சு. பதில் வரலை.

இளங்கோவன்: அது... சும்மா டெஸ்டிங்தானே.

நீலா: ஹவ்.

இளங்கோவன்: ஆமாங்கறதுக்கு இந்த ஹவ்வை விடவே மாட்டீங்களா?

நீலா: செகந்திராபாத்ல பொறந்தவகிட்டக் கேக்கற கேள்வியா இது? நீங்க கரூர்லேர்ந்து வந்து ஆறு வருஷமாச்சு. இன்னும் எதையும் கத்துக்கலை.

இளங்கோவன்: நீலா, மணி ரெண்டரை. நாலு மணிக்கு ஜி.எம். வர்றார். உங்க ஸ்டாக் கணக்கு என் திரையில தெரியணும். தெரியலைன்னா பொட்டிகளை இணைக்கற ரெண்டு கார்டையும் கழட்டிக் கொடுக்கச் சொல்லிடுவார்.

நீலா: கார்டு மேல பழி போடாதீங்க. உங்க பொட்டிதான் கிழம். வேற செக்‌ஷன்ல வேணாம்னு தள்ளினதை வாங்கி வச்சுக்கிட்டு...

இளங்கோவன்: கிழம்தான். நல்ல கிழம்.

நீலா: கார்டோட மஞ்சப் பல்லை ரப்பர் போட்டுத் தேய்ச்சீங்களா?

இளங்கோவன்: தேய்ச்சு, வேற ஸ்லாட்லயும் மாத்திச் செருகியாச்சு. உங்க ஸ்டோர்ஸ்லேர்ந்து வந்த ரப்பர்தான். ரோஜா வாசனை அடிக்குது.

நீலா: அது ஸ்டோர்ஸ் ரப்பர் இல்லை. என்னோடது.

இளங்கோவன்: ஓ...

நீலா: அங்க மழை பெய்யுதா?

இளங்கோவன்: இங்க ஜன்னல் இல்லை. ஏசி சத்தம்தான் மழை மாதிரி கேக்குது.

நீலா: இங்க பெய்யுது. புளியமரத்துக்கு நடுவுல உங்க கேபிள் ஆடுது. கேன்டீனைத் தாண்டி, சைக்கிள் ஷெட்டைத் தாண்டி அவ்வளவு தூரம்... நான் அடிக்கற எழுத்து எல்லாம் இப்ப எங்க போயிட்டிருக்கும்?

இளங்கோவன்: எங்கயும் போகாது. கம்பிதான்.

நீலா: கேன்டீன் பக்கமாப் போறதால சாம்பார் வாசனையோட வந்து சேருமோ என்னவோ.

இளங்கோவன்: தூங்கி எழுந்த மாதிரிப் பேசறீங்க.

நீலா: செருப்பைக் கழட்டிட்டு இந்த ஜில்லுத் தரையில காலைலேர்ந்து நிக்கறேன். ராத்திரி பூராத் தூங்கவும் இல்லை.

இளங்கோவன்: ஏன்?

நீலா: இன்னிக்கு ஆறு மணிக்கு அல்வால் பக்கம் எங்க வீட்டுக்கு வர்றாங்க. அந்தத் திருச்சி பேங்க்காரங்க. போன வாரம் பொண்ணு பார்த்துட்டுப் போனாங்கன்னு சொன்னேனே.

இளங்கோவன்: ம்...

நீலா: இன்னிக்குத் தட்டு மாத்திக்கலாம்னு அப்பாவுக்கு. ஆனா என் வாயால சரின்னு சொன்னாத்தான் தட்டைத் தொடுவேன்னுட்டார். பக்கத்து வீட்டு ஃபோன்கிட்டயே உக்காந்திருக்கார். மூணு மணிக்குள்ள சொல்லணும்.

இளங்கோவன்: நல்ல... நல்ல இடமா?

நீலா: நல்ல இடம். குறை சொல்ல ஒண்ணுமில்லை.

இளங்கோவன்: அப்ப சந்தோஷம்.

நீலா: சந்தோஷமா?

இளங்கோவன்: பின்னாடி கேபிள் முனையைக் கொஞ்சம் ஆட்டிப் பாருங்க.

நீலா: ஆட்டிட்டேன்.

இளங்கோவன்: முழுசாக் கழட்டி...

நீலா: கழட்டி மாட்டிட்டேன். இளங்கோ சார், ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. கார்டு ஓரத்துல குட்டிக் குட்டியா எட்டு சுவிட்ச் இருக்கே, ஆன்ல இருக்கறதோட மதிப்பைக் கூட்டினா கார்டோட நம்பர் வருமே.

இளங்கோவன்: அதுல ஒண்ணும் இல்லை.

நீலா: ரெண்டு கார்டுக்கும் ஒரே நம்பர் இருந்தா ரெண்டும் வேலை செய்யாதுன்னு புக்ல போட்டிருக்கு.

இளங்கோவன்: உங்களுக்கு நாப்பது. கார்டு வந்த அன்னிக்கே சொன்னீங்க. எனக்கு வேற.

நீலா: வேறன்னா?

இளங்கோவன்: நாப்பது இல்லை.

நீலா: நம்பரைச் சொல்றதுல என்ன கஷ்டம்? ராணுவ ரகசியமா?

இளங்கோவன்: தோணின ஏதோ ஒண்ணு வச்சேன்... இப்ப மறந்துடுச்சு.

நீலா: பொட்டி திறந்துதானே இருக்கு. பார்த்து வரிசையாப் படிங்க.

இளங்கோவன்: நீலா, நக்கோ. வேணாம்.

நீலா: பாருங்க, ஆறு வருஷத்துல எங்க ஊர் வார்த்தை ஒண்ணு வந்துடுச்சு. படிங்க. ரெண்டே முக்கால் ஆகுது.

இளங்கோவன்: ஆன்... ஆஃப்... ஆன், ஆன், ஆன்...

நீலா: ம்.

இளங்கோவன்: ஆஃப்... ஆன்... ஆஃப்.

நீலா: கூட்டினா?

இளங்கோவன்: நீங்களே கூட்டிக்கலாமே.

நீலா: நான் கூட்ட மாட்டேன். நீங்க சொல்லுங்க.

இளங்கோவன்: நூத்தி எம்பத்தாறு.

நீலா: அது யார் நம்பர்?

இளங்கோவன்: உங்க டோக்கன் நம்பர்.

நீலா: என் டோக்கனுக்கு உங்க கார்டுல என்ன வேலை?

இளங்கோவன்: காலைல கேட்ல ஆளுக்கொரு டோக்கன் மாட்டின பலகை இருக்கில்ல... என் டோக்கனை எடுக்கறதுக்கு முன்னாடி நூத்தி எம்பத்தாறாவது ஆணியைத்தான் பார்ப்பேன். டோக்கன் இல்லாம காலியா இருந்தா நீங்க வந்தாச்சு. தொங்கிட்டிருந்தா... அன்னிக்கு எனக்கு வேலையே ஓடாது. கார்டுக்கு ஏதாவது நம்பர் வையுங்கன்னு புக்ல போட்டிருந்துச்சு. கை அதைத்தான் வச்சுது.

நீலா: ஆறு வருஷமாவா?

இளங்கோவன்: நாலு. நீங்க சேர்ந்த நாள்லேர்ந்து. உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும் நீலா. சொல்லத் தெரியலை. இன்னிக்கு இதைச் சொல்றது தப்புன்னும் தெரியும். மன்னிச்சுக்குங்க.

நீலா: மன்னிப்பெல்லாம் எதுக்கு...

இளங்கோவன்: அழறீங்களா?

நீலா: இல்லை. ஜில்லுத் தரை. சளி.

இளங்கோவன்: எப்படியும் அதுல கோளாறு இல்லை. எனக்கு நூத்தி எம்பத்தாறு, உங்களுக்கு நாப்பது. நம்பர் மோதவே இல்லை. அப்புறம் ஏன்தான் ரெண்டும் படுத்துக்குதுன்னு...

நீலா: நாப்பதுதான், நேத்து சாயங்காலம் வரைக்கும். நீங்க பஸ்ஸுக்கு ஓடின அப்புறம் ஸ்க்ரூடிரைவர் எடுக்க அங்க வந்தேன். பொட்டி திறந்தே கெடந்துச்சு. எட்டு சுவிட்சையும் ரெண்டு தரம் கூட்டிப் பார்த்துட்டு, திரும்பி வந்து, உங்க வாயால கேக்கணும்னு என்னோடதையும் நூத்தி எம்பத்தாறுக்கு நான்தான் மாத்தி வச்சேன். ஜி.எம். வர்றதுக்குள்ள நாப்பதுக்குப் போட்டுடறேன். இப்ப நீங்க ஃபோனை வைங்க, அப்பாகிட்ட வேணாம்னு சொல்லணும்.