குதிரை பார்க்க வந்த சம்பந்திகள்

ரத்தினசாமி: குதிரை பாக்க வந்தேனுங்க சம்மந்தி. வேறென்னத்துக்குப் பெருமாட்டியில இருந்து இந்த ஆனைகட்டிக்கு வருவாங்க?

குப்பண்ணன்: குதிரையா?

ரத்தினசாமி: ஆமாங்க. எங்க சாந்தம்மாளக் கட்டிக்கப்போற உங்க பெரியவன் நடந்தா வருவாரு? மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வேண்டாமா?

குப்பண்ணன்: மாப்பிள்ளைக்குக் குதிரை பாக்கறது எங்க சோலிங்க. பொண்ணூட்டுக்காரரு எதுக்கு அலையறீங்க?

ரத்தினசாமி: எங்க வழக்கத்துல பொண்ணூட்டுக் குதிரைதானுங்க.

குப்பண்ணன்: எங்க வழக்கத்துல அப்படி இல்லீங்க. நானும் அதுக்குத்தான் வந்தேன்.

ரத்தினசாமி: அப்ப என்னயக் கண்டதும் புளியமரத்துக்குப் பின்னால எதுக்கு ஒளிஞ்சீங்க?

குப்பண்ணன்: ஒளிஞ்சனா? வெயிலுக்கு ஒதுங்குனேன். நீங்க எதுக்குத் துண்ட மூஞ்சிக்குக் கட்டீட்டு வந்தீங்க?

ரத்தினசாமி: புழுதிங்க.

குப்பண்ணன்: ஓ... புழுதி.

ரத்தினசாமி: இந்தச் சிரிப்பு வேண்டாங்க! மோப்பம் புடிக்க வந்திருக்கீங்க. எங்க குடும்பத்துல ஏதாச்சும் குறை கெடைக்குமான்னு!

குப்பண்ணன்: எதுக்குங்க மோப்பம்? உறுதி பண்ணுன அன்னைக்குச் சபையில நீங்கதான சொன்னீங்க, மூணு தலமொறையா கூன் குருடு நொண்டி இல்லாத ஊடுன்னு?

ரத்தினசாமி: நீங்களுந்தான் சொன்னீங்க.

குப்பண்ணன்: சொன்னேன். இப்பவும் சொல்றேன்.

ரத்தினசாமி: நானுஞ் சொல்றேன்!

அழகுமலை: ஐயா, ஐயா... வேலியோரம் நின்னு கத்தாதீங்க. குதிரை மிரண்டா புள்ளைக கீழ விழும்.

குப்பண்ணன்: நீங்க யாருங்க?

அழகுமலை: அழகுமலை. பட்டாளத்துல குதிரை பழக்குனவன். பள்ளிக்கூட லீவுக்கு இந்தப் புள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக் குடுக்கேன்.

குப்பண்ணன்: அதென்ன, ஒண்ணு பறக்குது, ஒண்ணு சாஞ்சு கெடக்குது?

அழகுமலை: எல்லா மாதிரிப் புள்ளைகளும் இருக்குய்யா. நடக்கிறது, நடக்க முடியாதது, பேசுறது, பேசாதது... எல்லாத்தையும் ஒரே வட்டத்துலதான் விடுவேன். இன்னைக்குக் கடைசி நாளு. பெத்தவங்க கூடவே நடந்து வரணும். உங்கள்ல யாராச்சும் ஒத்தாசை பண்ணுவீங்களா?

ரத்தினசாமி: எதுக்கு?

அழகுமலை: அந்தா, மட்டக்குதிரை மேல பாப்பா இருக்கு பாருங்க. இளம்பிள்ளை வாதம். எடது காலு சேணத்துல நிக்காது. ஒருத்தர் பக்கத்துலயே காலைப் பிடிச்சுட்டு நடக்கணும். அது வீட்டுல இருந்து ஒருத்தரும் வரலை.

ரத்தினசாமி: எறக்கி உட்டுருங்க.

அழகுமலை: பழகின புள்ளைய்யா. இந்த ஒரு நாளுக்காகத்தான்...

ரத்தினசாமி: எறக்குங்கன்னு சொல்றனில்ல! பொட்டப்புள்ளையக் குதிரையில ஏத்தி நாலு பேரு பாக்க வேடிக்கை காட்டறீங்களா?

குப்பண்ணன்: உங்களுக்கு என்னத்துக்குங்க இத்தனை கோவம்? ஆரு பெத்ததோ...

அழகுமலை: காலையில கேட்டேன், உங்க அய்யா வருவாரா பாப்பான்னு. எனக்கு அய்யனே இல்லீங்க, மாமா மட்டுந்தான்னு சொல்லிருச்சு.

குப்பண்ணன்: அடப் பாவமே... அநாதைப் புள்ளையா?

ரத்தினசாமி: அநாதைன்னா பல்லு பேந்துரும்!

குப்பண்ணன்: சம்மந்தி...!

ரத்தினசாமி: என்ற மகளுங்க அவ! காளியாத்தா! கடைசிப் புள்ளை!

குப்பண்ணன்: ...அப்ப சபையில சொன்னது?

ரத்தினசாமி: பொய்! நொண்டித் தங்கச்சி இருக்கான்னா சாந்தா கண்ணாலம் நின்னுரும்னு மச்சினனூட்டுல கொண்டுபோயி உட்டதும் நாந்தான். ஆரு கேட்டாலும் அய்யன் இல்லைன்னு சொல்லோணும்னு மெரட்டுனதும் நாந்தான். பாருங்க... என்னயப் பாத்துட்டா. கூப்புடறாளா? வாயத் தொறக்கறாளா? ஒம்பது வயசுக் கழுதை, சொன்ன சொல்லக் காப்பாத்தறா! நான் சபையில உண்மையக் காப்பாத்தல. நிறுத்தறீங்களா கண்ணாலத்த? நிறுத்துங்க! வாத்தியாரே, எந்தக் காலு? எடதா?

அழகுமலை: எடதுதான்யா. முழங்காலுக்கு மேல பிடிங்க. அமுக்காம.

ரத்தினசாமி: அம்முணி... நான்தான். அழுகாத. என்ன...? அவரு பாத்தாப் பாக்கட்டும்! முதுக நிமுத்து. நம்மூட்டுப் புள்ளைக கூனீட்டு உக்கார மாட்டாங்க. ம்... நேரா. ஏனுங்க சம்மந்தி, இன்னும் எதுக்கு நிக்கறீங்க? பஸ்ஸப் புடிச்சுப் போயி ஊரெல்லாம் சொல்லுங்க, ரத்தினசாமி பொய்யன்னு!

குப்பண்ணன்: வாத்தியாரே... அந்தக் கருங்குதிரையக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. மேல இருக்கறவன் நல்லமுத்து, என்ற சின்னவன். என்னயப் பாக்காமப் போறான். நான் கூப்புட்டாக் கேக்காதுங்க... பொறந்ததுல இருந்தே.