டேங்க் மூடியில் என் கையெழுத்து

பீரைக் குளிர வைக்கும் சில்லர் பழுதாகிவிட்டது என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் பழுதே இருக்காது. பின்பக்கத் தகடுகளில் நாய்முடியும் தூசியும் அடைத்திருக்கும். துடைத்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடுவேன். எங்கள் ஊர் மானிடோவாக்கில் வீட்டிலேயே பீர் வடிக்கிறவர்கள் சங்கத்தில் பதினேழு பேர் இருக்கிறோம். ஒன்பது பேரிடம் கிளைக்கால் சில்லர் உண்டு. ஒன்பதையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். பாலாடைக்கட்டி ஆலையில் முப்பத்தோரு வருடம் குளிர்பதன வேலை பார்த்தவனுக்கு இது பெரிய வித்தை இல்லை.

உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். டேங்கில் தண்ணீரும், அது உறைந்துபோகாமல் தடுக்கும் கிளைக்கால் என்ற ரசாயனமும் கலந்த திரவம் இருக்கும். பம்ப் அதைப் பீர்க் கலத்துக்குள் இருக்கும் சுருள்குழாய் வழியாக ஓட்டிக் குளிர வைக்கும். பீரும் திரவமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனால் குழாய் என்றால் என்றைக்காவது ஒழுகும். அதனால்தான் வயிற்றுக்குள் போனாலும் கெடுதல் செய்யாத உணவு வகைக் கிளைக்காலை மட்டும் ஊற்றவேண்டும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற பச்சை வகை நஞ்சு. டேங்கைத் திறந்தவன் எதை ஊற்றினான் என்று நீலப் பட்டையில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு மூடியில் ஒட்டவேண்டும் என்ற விதியைச் சங்கத்தில் கொண்டுவந்தவனே நான். பட்டை இல்லாத டேங்கின் பீரை எங்களில் யாரும் தொடமாட்டார்கள். அந்தக் கெடுபிடியைப் பார்த்து அதிகம் சிரித்தவன் லாய்ட் ஸ்வோபோடா.

லாய்ட் என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தான். இருபத்திரண்டு வருடப் பழக்கம். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஃபோன் செய்தான்.

“டேய் வெர்ன், உன் பொட்டி செத்துப்போச்சு. பீருக்குக் காய்ச்சல் அடிக்குது, ஓடி வா.”

பெட்டி சாகவில்லை. திரவம் குறையும்போதெல்லாம் அவன் வெறும் தண்ணீரை ஊற்றியிருந்தான். கலவை நீர்த்துப்போய் உள்ளே பனிக்கட்டி பிடித்திருந்தது. பம்ப் அந்தக் கூழை இழுக்கமுடியாமல் திணறியது. நிறுத்தி, கரையவிட்டு, பாதியை வடித்துவிட்டுப் புதுக் கிளைக்கால் சேர்த்தால் போதும். என்னிடம் ஒரு சொட்டு இல்லை. மில்வாக்கிக் கடையில் சொன்னேன், திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொன்னார்கள்.

“தண்ணிய ஊத்தாதேன்னு எத்தன தடவடா சொல்லியிருக்கேன்?”

“பாதிரியாரே, பிரசங்கத்த அப்புறம் வச்சுக்கலாம். திங்கக்கிழமைக்குள்ள இது கெட்டுப்போயிரும். பொருட்காட்சிப் போட்டிக்கு நான் எதக் கொண்டுபோறது, மோரா? முப்பத்தோரு வருஷம் ஆலையில என்னத்தடா கிழிச்ச?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் சாண்ட்விச் எடுக்க மாடி ஏறினான். என் வண்டியில் பச்சைக் கேன் ஒன்று இருந்தது. ஆறு நாள் தாங்கினால் போதும், பார்சல் வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஊற்றினேன். பட்டையில் ‘உணவு வகை, மூன்றில் ஒரு பங்கு’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். உள்ளதை எழுதியிருந்தால் சங்கம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பான். அந்தச் சிரிப்பை நினைத்தாலே எனக்கு உடம்பு எரிந்தது.

வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். பொறுப்பில்லாதவன் என்று யாரும் என்னைச் சொல்லமுடியாது. டேங்கில் மூன்று அங்குலம் குறைந்திருந்தது. இணைப்புகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தால் துடைத்தேன். காகிதம் நனையவில்லை. தரையும் காய்ந்திருந்தது. வெளியே சொட்டாமல் டேங்க் குறைகிறதென்றால் அது போக ஒரே இடம்தான் உண்டு. அந்தச் சுருளைக் கலத்துக்குள் முடுக்கியவனும் நான்தான். ஆவியாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறைந்திருந்ததை அதே பச்சையை ஊற்றி நிரப்பினேன். கேனில் மீதி இருந்தது.

லாய்ட் இரண்டு கோப்பையோடு வந்தான். கருப்பு பீர். நிறத்தில் எதுவும் தெரியாது.

“குடிச்சுப் பாருடா. இந்தத் தடவ ஒரு இனிப்பு நாக்குலயே நிக்குது. மால்ட்டு அப்படி.”

“வேணாம், வண்டி ஓட்டணும்.”

“நாலு வீடு தள்ளிப் போறதுக்கா? மார்லிஸ், இங்க வந்து பாரு, இவரு வண்டி ஓட்டணுமாம்!” என்று மனைவியைக் கூப்பிட்டான்.

என் கோப்பையையும் அவனே குடித்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மதியம் தள்ளாடி விழுந்தான். நாக்கு குழறியது, வாந்தி நிற்கவில்லை. மருத்துவமனையில் அவன் மனைவி மார்லிஸுக்குத் துணையாக நான்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டு பீர் என்றதும் மருத்துவர் அதில் வேறு ஏதாவது கலந்திருக்குமா என்று கேட்டார். மார்லிஸ் நிதானமான பெண். வீட்டுக்குப் போய் டேங்க் மூடியைப் படமெடுத்து வந்து அவரிடம் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இது உங்க எழுத்துதானே, வெர்ன்? இதால ஒண்ணும் ஆகாதுல்ல?”

“நான் எழுதினா சரியாத்தான் இருக்கும், மார்லிஸ்.”

மருத்துவர் தலையசைத்துவிட்டு மூளையில் அடைப்பு இருக்கிறதா என்று தேடப் போனார். மார்லிஸ் என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்குக் கூசியது. இன்றைக்கும் அந்தத் தோள்பட்டையைத் தொட்டால் கூசுகிறது. இந்த வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிக்கொள்ளும் எதைவிடவும் எனக்கு அதுதான் பெரிய தண்டனை.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மாற்றுத்துணி எடுத்துவர என்னிடம் சாவி கொடுத்தாள். அந்தச் சமயத்தில் பீர் முழுவதையும் சாக்கடையில் கொட்டினேன். வேறு யாரும் குடித்துவிடக் கூடாதே. அதையும் நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். டேங்கை வடித்து மூன்று முறை கழுவினேன். திங்கட்கிழமை காலை மில்வாக்கியிலிருந்து பார்சல் வந்தது. உணவு வகை. மூன்றில் ஒரு பங்கு அளந்து ஊற்றினேன். சில்லர் சத்தமில்லாமல் ஓடியது. புதுப் பட்டை எழுதத் தேவைப்படவில்லை. பழையதில் இருந்தது இப்போது உண்மையாகிவிட்டது. அதைப் படித்தபோது, கடவுளே, எனக்கு நிம்மதியாக இருந்தது.

லாய்டின் ரத்தத்தில் இருந்தது என்னவென்று தெரிந்த பிறகு, பச்சை நஞ்சுக்கு மருந்து உண்டு என்று மருத்துவர் மார்லிஸிடம் சொன்னாராம். அவன் குடித்த பீரில் இருந்த ஆல்கஹாலே நஞ்சைக் கொஞ்சம் தடுத்து நிறுத்தியிருந்ததாம். இன்னதென்று ஒருவர் சொல்லியிருந்தால் சனிக்கிழமையே மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்திருக்கலாமாம். திங்கட்கிழமைகூட முயன்று பார்த்திருக்கலாம் என்றாராம்.

கைதவறி நடந்தது என்று எழுதித் தரலாம் என்கிறார் என் வழக்கறிஞர். நானும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் லாய்ட் செத்தது செவ்வாய்க்கிழமை மதியம். நான் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் உயிரோடு இருந்தான்.