லேபிள்ல இருக்கிற ஜடை

நளினி: துண்ட எடுடி தாட்சா. கண்ணாடி முன்னால வந்து குந்திகினு, இன்னா தலைய மூட்ட கட்டி வச்சிகினு கீற?

தாட்சாயணி: காது வலிக்குதுக்கா. காத்து சேரல…

நளினி: ஸ்டுடியோல ஃபேனே இன்னும் போடல. இன்னா காத்து?

தாட்சாயணி: பஸ்ல ஜன்னல் சீட்டு.

நளினி: நகரிலருந்து திருப்பதிக்கு வரதுக்குள்ள காது போயிடுச்சா? உங்க அம்மா வூட்டுக்குப் போனாலே ஏதாவது ஒண்ண இழுத்துகினு வருவ. எடு சீக்கிரம். பிரீத்தி மேடம் சித்தூர் தாண்டி ஒரு மணி நேரமாச்சாம்.

தாட்சாயணி: அவங்க எதுக்குக்கா பெங்களூர்லருந்து இவ்ளோ தூரம்…

நளினி: எதுக்கா? அவங்க கடைங்கள்ல எல்லாம் நம்ம தலைமுடி எண்ணெ பாட்டில வைக்கப்போறாங்கடி. செஞ்சவங்கள நேர்ல பாத்து, வீடியோ எடுத்து, அப்புறம்தான் ஆர்டரு. இது வந்துட்டா எண்ணெ காய்ச்சற கொப்பரைய வூட்டுப் பின்னாலருந்து ஷெட்டுக்கு மாத்திடலாம்.

தாட்சாயணி: அவங்ககிட்ட நம்மளப் பத்தி இன்னா சொல்லி வச்சிகீற?

நளினி: உள்ளதத்தான். புத்தூர்ல ரெண்டு ஓரகத்திங்க, சொந்தமா காய்ச்சறோம், கலப்படம் கெடையாது. அதனாலதான் பேரே 'நிஜம்'னு வச்சோம்னு.

தாட்சாயணி: லேபிள்ல இருக்கிற ஜடை யாருதுன்னு சொன்னியா?

நளினி: …அவங்க கேக்கல.

தாட்சாயணி: கேக்கவே இல்லியா?

நளினி: 'உங்க முடி எவ்ளோ நீளம் மேடம்'னாங்க. தேங்க்ஸ்னு சொன்னேன்.

தாட்சாயணி: நிஜம்.

நளினி: கிண்டலா? போட்டோ எடுக்கறப்ப நீதான மொகத்த காட்டமாட்டேன்னு திரும்பி நின்ன. முட்டி வரைக்கும் முடி வச்சிகினு வெக்கம் வேற. பாக்கறவங்க எல்லாம் என்னுதுன்னு நெனச்சிகினா நான் இன்னா பண்றது? என்னுது எலி வாலு.

தாட்சாயணி: இன்னிக்கி அந்த எலி வாலத்தான காட்டணும்?

நளினி: அதுக்குத்தான் உன்ன முன்னாடியே வரச் சொன்னது. போட்டோகிராபர் ஹரிபிரசாத்கிட்ட பேசிட்டேன். மேடம் வரதுக்குள்ள முதுகுப் பக்கம் மட்டும் எடுத்துடுவான். அதுல நீ நிக்கிற. அவங்க வந்தப்புறம் நான் மொகத்தக் காட்டிப் பேசறேன். பாரு, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி புடவ.

தாட்சாயணி: பொய்யிதானக்கா…

நளினி: எண்ணெ பொய்யா? அதத் தேச்சுதான உனக்கு வளந்துது?

தாட்சாயணி: கல்யாணமாயி வரப்பவே இடுப்புக்குக் கீழ இருந்துது.

நளினி: அத மேடம்கிட்ட சொல்லித் தொலைக்காத.

தாட்சாயணி: அக்கா… உன் கை இப்ப எப்டி கீது? தூக்க முடியுதா?

நளினி: கைக்கு இன்னா? பாட்டில் பெட்டி தூக்கனதுல புடிச்சிகினுது.

தாட்சாயணி: லேபிள் வாங்க திருப்பதி வந்தியே, ஒரு ராத்திரி தங்கிட்டு… அப்பலருந்துதான புடிச்சிகினு கீது?

நளினி: பிரஸ்ல கரண்ட் இல்ல, தங்கனேன். அத இப்ப எதுக்குக் கெளப்பற? பேச்ச மாத்தாம துண்ட எடு. திருப்பதிக்குள்ள வந்துட்டாங்கடி, மெசேஜ் வந்துது.

தாட்சாயணி: நான் நகரிக்குப் போவல.

நளினி: …பின்ன?

தாட்சாயணி: மலைக்குப் போனேன்.

நளினி: திருமலைக்கா? யாரோட?

தாட்சாயணி: தனியா.

நளினி: தனியாவா… ஓ. மூணு கத்திரி குடுத்தியா? பர்வாலேது, ஒண்ணும் ஆவல. நுனில மூணு தரம் வெட்டிகினு வுட்டுடுவாங்க, வீடியோல தெரியாது.

தாட்சாயணி: மூணு கத்திரி இல்லக்கா.

நளினி: …துண்ட எடு.

தாட்சாயணி: திட்டமாட்டேன்னு சொல்லு.

நளினி: எடுன்றேன்.

தாட்சாயணி: எடுத்துட்டேன். பாத்துக்க.

நளினி: அடிப்பாவி. சந்தனம் கூட காயலயே…

தாட்சாயணி: அழாதக்கா. மை கலையுது.

நளினி: அழாம? வியாபாரம் நல்லா வரணும்னு வேண்டிகினு வியாபாரத்தையே செரச்சிகினு வந்து நிக்கிற. ஒரு நாளு… ஒரே ஒரு நாளு தள்ளிப் போயிருந்தா இன்னா?

தாட்சாயணி: நல்ல சேதி வந்த மறுநாளே வரேன்னு சொல்லி இருந்தேன். தள்ளிப்போட்டா சாமி வட்டியோட வாங்குவாரு.

நளினி: இன்னா பெரிய நல்ல சேதி? ஆர்டரு எங்கடி வந்துது? இனிமே வரவும் வராது.

தாட்சாயணி: என்ன அப்டியே காட்டு.

நளினி: மொட்டையவா? தலைமுடி எண்ணெக்கா?

தாட்சாயணி: இன்னிலருந்து நம்ம எண்ணெய தேக்கறேன். மாசாமாசம் வந்து எடுத்துப் போடட்டும். வளர்றது வளரட்டும்.

நளினி: …வளரலன்னா?

தாட்சாயணி: அதயும் போடட்டும். பேரு 'நிஜம்'தான?

நளினி: பேச நல்லாத்தான் கீது… இரு, கீழ காரு ஹாரன். வந்துட்டாங்க போல.

தாட்சாயணி: துண்ட கட்டிகட்டுமா, வேணாமா?

நளினி: …வேணாம். இப்டியே வா. ஆனா லேபிள்ல இருக்கிற ஜடை எங்கன்னு கேப்பாங்களே?

தாட்சாயணி: என்னுதுன்னு சொல்லு. சாமிக்குக் குடுத்தாச்சுன்னு சொல்லு.

நளினி: எதுக்குக் குடுத்தன்னு கேட்டா? எந்த ஆர்டருக்காக வேண்டிகின, அதயாவது சொல்லித் தொல.

தாட்சாயணி: ஆர்டருக்கு இல்லக்கா. லேபிள் வாங்கறேன்னு சொல்லிட்டு நீ வந்தியே, அன்னிக்கி 'உங்க அக்கா ஏன் இன்னும் வரல'ன்னு பிரஸ்காரரு எனக்குத்தான் போன் பண்ணாரு. மறுநாளு நீ வந்து போட்ட ரவிக்கைய தொவைக்கறப்ப, மார் பக்கம் பிளாஸ்திரி ஒட்டிகினு இருந்துது. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நீ நெனச்ச, நானும் கேக்கல… முந்தாநாளு மாடில நின்னுகினு, கட்டி கேன்சர் இல்லன்னு டாக்டரு சொல்லிட்டாருன்னு உன் தங்கச்சிகிட்ட போன்ல அழுதியே. படிக்கட்டுல குந்திகினு நானும் அழுதுகினுதான் இருந்தேன்.