மெத்தையில் குறைந்த காற்று

மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், ஐயா. எனக்குச் சட்டென்று சளி பிடித்துவிடும். நான் படுத்துவிட்டால் வீட்டில் ஒரு வேலையும் ஓடாது.

என் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். கடை மாடிப்படியில் உருண்டு முதுகுத் தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் போயிற்று, உணர்ச்சியும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடப்பான். "என்னை எதுக்குக்கா காப்பாத்துனாங்க?" என்று அழுவான். தலையைத் தடவிக் கொடுப்பேன். உண்மையைச் சொல்வதற்கென்ன, என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அப்போதுதான். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்தவள் நான். அதுவரை என்னைத் தண்டச்சோறு என்ற சொந்தமெல்லாம், "இவ இல்லேன்னா அவன் கதி என்ன?" என்று வாயைப் பிளந்தது.

அது பொறுக்குமா மற்றவர்களுக்கு? மனநல ஆலோசகி என்று ஒருத்தி வந்தாள். "வெளிய போகணும், நாலு பேரோட பழகணும், வேலைக்குத் திரும்பணும். அப்பதான் மனசு தேறும்" என்றாள். எந்த நாலு பேர் என்று கேட்டேன். சிரித்தாள். சிரிப்பதற்குத்தானே சம்பளம்.

அவள் அனுப்பி ஒருவர் வந்தார், இவனைப் போலவே அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர். டிக்கெட் கவுண்டரில் வேலையாம். அவருக்குச் சக்கரவர்த்தி என்று பெயர் வைத்தேன். அவர் வாசலில் சீட்டியடித்தால் போதும், இவன் முகச்சவரம் செய்துகொள்வான். கடை முதலாளி வேறு இவனுக்காக மேசையைத் தாழ்த்திப் போட்டுவிட்டாராம். "அடுத்த வாரம் வேலைக்குப் போறேன்க்கா. இனிமே நீ உன் பாட்டைப் பாரு" என்றான். எனக்கென்று என்ன பாடு இருக்கிறது?

சக்கர நாற்காலியில் அவன் உட்காரும் மெத்தை காற்றடைத்தது. காற்று குறைந்தால் எலும்பு அடியில் தட்டி, தோல் கன்றிப் புண்ணாகிவிடும். அதனால் தினமும் அடியில் கையை விட்டுப் பார்க்க வேண்டும். குனிந்தால் அவன் சாய்ந்துவிடுவான் என்பதால் அது என் பொறுப்பு. "காத்து சரியா இருக்காக்கா?" என்பான். "கும்முன்னு இருக்குடா" என்பேன். வால்வைக் கொஞ்சம் திருகி இறக்கிவிட்டுத்தான் சொல்வேன்.

வேலைக்குப் போகுமுன்பே புண் வந்தது. மாதக்கணக்கில் குப்புறப் படுக்கை. ஆறியதும் மறுபடி கிளம்பினான். நானும் மறுபடி திருகினேன், புண்ணும் மறுபடி வந்தது. டாக்டர் மெத்தையைக் குறை சொன்னார். ஆலோசகி அவன் மனசைக் குறை சொன்னாள். "வெளியுலகத்துக்குப் பயந்துதான் தன் உடம்பை அவரே கவனிக்காம விடறார்" என்றாள். படித்த லட்சணம் அப்படி. அதை அவனும் நம்பினான். "எனக்கே வாழ இஷ்டமில்ல போலிருக்குக்கா" என்று திரும்பவும் சுவர்ப்பக்கம் புரண்டான். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

இந்த நாற்காலிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவரையொருவர் பார்த்தால் சௌக்கியம் கேட்கிறார்களோ இல்லையோ, மெத்தைக்கடியில் கையை விட்டுப் பார்ப்பார்கள். கூச்சநாச்சம் கிடையாது. சக்கரவர்த்தி அப்படிப் பார்த்திருக்கிறார், காற்று குறைவாக இருந்திருக்கிறது. வேறொரு மெத்தையைக் கொடுத்துவிட்டு, இதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காற்றடைத்துத் தானே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நாள் கணக்கில் உட்கார்ந்தும் காற்று இறங்கவே இல்லை. அதற்குள் இவனுக்கு அந்தப் பழைய புண் எலும்புவரை போய், காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. பிழைப்பது கஷ்டம் என்கிறார்கள்.

சக்கரவர்த்தி வந்து அவன் காதில் ஓதினார். "நீயாக்கா?" என்று கேட்டான். "ஆமாண்டா, நான்தான்" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. இப்போது என்னை அறைக்குள் விடக்கூடாது என்கிறானாம். என்ன மனுஷன். மலம் அள்ளிய கைக்கு இதுதான் மரியாதை.

வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் செய்தேன். ஆனால் கொடுமைப்படுத்தினேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. ஒரு நாளாவது அவனுக்கு வலித்ததா என்று கேட்டுப் பாருங்கள்.