வரவேற்கும் குரல்

முதல் புதிர் எளிதாக இருக்க வேண்டும், மேடம். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் புதிதாக வந்தவர் டீ குடிக்கப் போய்விடுவார், திரும்பி வரமாட்டார். ஆறு வருடமாக நான் பார்த்த வேலை இதுதான். ஆட்களை உள்ளே கொண்டுவருவது, வந்தவர்களைப் போகவிடாமல் வைத்துக்கொள்வது.

என் பெயர் வாஹித். கோட்டையூரில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு ‘முடிச்சு’ என்ற கைப்பேசி விளையாட்டின் தமிழ்ப் பிரிவை நடத்தினேன். என்னோடு ஜனனி என்ற பெண் மட்டும். திரையில் தெரிவது அவள் வேலை, ஆட்கள் என் வேலை. விளையாட்டு என்று சொன்னாலும் அது ஒரு வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்காக நடந்தது. உடம்பில் இருக்கும் புரதம் ஒரு நீளமான மணிச்சரம் மாதிரி. அது எப்படி மடிந்து சுருள்கிறது என்று பார்க்கச் சில நேரம் கணினியைவிட மனிதக் கண் தேவலாம். அதனால் அதைப் புதிராக்கி மக்களிடம் கொடுக்கிறார்கள். எங்களுக்கு வந்தது, சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வருகிற ஒரு பரம்பரை நோய் சம்பந்தப்பட்ட புரதம்.

முதல் திரையில் ஆய்வுக்கூடத்தார் ஒரு வாசகம் வைத்திருந்தார்கள். “இது அடிப்படை ஆராய்ச்சி. மருந்து வரப் பல ஆண்டுகள் ஆகலாம், வராமலும் போகலாம்.” உண்மைதான். ஆனால் பத்தில் நான்கு பேர் அந்தத் திரையோடு போய்விட்டார்கள். நான் அதை எடுக்கவில்லை. உள்ளே தள்ளி வைத்தேன். தேடினால் கிடைக்கும் இடத்தில்தான் வைத்தேன்.

பிறகு மேலே ஒரு பச்சைக் கோடு போட்டேன். ‘மருந்தை நோக்கி’ என்று பெயர். புதிர்கள் தீரத் தீரக் கோடு வளரும், பக்கத்தில் நூற்றுக்கு இத்தனை என்று காட்டும்.

ஜனனி கேட்டாள். “அண்ணே, இது எதுல நூறு?”

“புதிருல நூறு.”

“பாக்குறவுகளுக்கு அப்படித் தெரியாதுண்ணே. நூறு வந்தா மருந்து வந்துரும்னு நினைப்பாக.”

“அப்படின்னு நாம எங்கயும் எழுதலையே.”

அந்த மாதம் போனவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். பங்குனியில் தமிழ்ப் பிரிவைத் தொடர்வதா மூடுவதா என்று ஆய்வுக்கூடத்தார் முடிவெடுப்பதாக இருந்தது. கோடு பங்குனியில் நூறைத் தொடும்படி கணக்குப் போட்டு வைத்தேன்.

பொன்னுத்தாயி அக்கா வந்தது ஆடியில். சிவகங்கையில் ஒரு டயாலிசிஸ் மையத்தின் வாசலில் நான் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தேன். ‘ஒரு நோயை வெல்ல உங்கள் விரல் போதும்.’ அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவர். மானகிரியில் ஒரு விடுதியில் துணி மடிக்கிற வேலை. நாற்பத்திரண்டு வயது. அதே நீர்க்கட்டி நோய்தான். அவர் அம்மாவும் அதில்தான் இறந்திருக்கிறார். வாரம் இரண்டு நாள் சிவகங்கைக்குப் பஸ்ஸில் போய் நான்கு மணி நேரம் மெஷினில் படுத்துவிட்டு வருவார். “ஒரு கை ஊசியில மாட்டிக்கிட்டு இருக்கும் தம்பி. இன்னொரு கை சும்மாதானே கிடக்கு” என்றார் முதல் முறை பேசியபோது.

அவரைப் போல ஆடியவர் எங்களிடம் யாரும் இல்லை. அதைவிடப் பெரிது, அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதம். நாங்கள் படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கியும் புரியாதது அவர் குரலில் ஒரு நிமிடத்தில் புரிந்தது. ஆட்டத்துக்குள்ளேயே குரல் பதிவு அனுப்பும் வசதி உண்டு. யாராவது புதிதாக வந்தால் அக்கா உடனே அனுப்பிவிடுவார்.

“வாங்க, புதுசா வந்திருக்கீகளா? பயப்படாதீக. போர்வை மடிக்கிற மாதிரிதேன். ஓரத்தோட ஓரம் சேரணும், நடுவுல காத்து நிக்கக் கூடாது. தப்பாப் போனா உதறிட்டுத் திரும்ப மடிங்க. போயிராதீக, நாளைக்கும் வாங்க.”

அவ்வளவுதான். கோலாலம்பூரில் இருந்தவர்கள், துபாயில் சமையல் வேலை பார்த்தவர்கள், தூத்துக்குடிக் கல்லூரிப் பிள்ளைகள், எல்லோரும் அந்தக் குரலுக்காக மறுநாள் வந்தார்கள். முந்நூறு பேர் ஒன்பதாயிரம் ஆனார்கள். நான் ஆறு வருடம் தேடியது அது. ஒரு ஆள், பேர் சொல்லி வரவேற்கிற ஒரு ஆள்.

தீபாவளி சமயத்தில் ஒருநாள் பகலில் எங்கள் அறைக்கே வந்தார். மாடி ஏற அவருக்கு வெகுநேரம் ஆனது. செருப்பு வார் புதைகிற அளவுக்குக் கால் வீங்கியிருந்தது. ஒரு டப்பா நிறைய சீப்புச் சீடை கொண்டுவந்திருந்தார். சுவரில் இருந்த பெரிய திரையில் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அறுபத்திரெண்டு ஆயிருச்சு” என்றார், தனக்குள் சொல்வதுபோல. நான் “ஆமாக்கா” என்றேன்.

மாசி கடைசியில் இருநூற்றுப் பதினாலு நாள் விடாமல் வந்தவர் ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கூப்பிட்டேன். அவர் கணவர் அழகுசுந்தரம் எடுத்தார். “அவ போயிட்டா தம்பி. நேத்து. ரத்தத்துல கிருமி ஏறிருச்சுன்னாக.”

மானகிரிக்குப் போய்த் துக்கம் கேட்டேன். அழுதேன். அது நடிப்பு இல்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும்.

அறைக்குத் திரும்பி வந்தபோது எண்ணூறு பேர் அக்கா எங்கே என்று கேட்டிருந்தார்கள். புதிதாக வந்தவர்களில் பாதிப் பேர் அந்த இரண்டு நாளிலேயே போய்விட்டிருந்தார்கள். அவருடைய பதிவுகள் அறுநூறுக்குமேல் எங்களிடம் இருந்தன. அவற்றை வெட்டி, ஒட்டி, புதிதாக யார் வந்தாலும் தானாகவே போகும்படி செய்தேன். பின்னால் கேட்கும் மெஷின் சத்தத்தை எடுத்துவிட்டேன். புதியவர்களுக்கு அது சங்கடமாக இருக்கும். பிறகு அறிவிப்புப் பலகையில், ‘பொன்னுத்தாயி அக்காவுக்குச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, ஓய்வில் இருக்கிறார், உங்கள் உழைப்பு வீண்போகவில்லை’ என்று எழுதினேன். அன்று ஒரே நாளில் வந்த அளவுக்கு ஆட்கள் எப்போதும் வந்ததில்லை. பங்குனியில் தமிழ்ப் பிரிவைத் தொடரச் சொல்லிவிட்டார்கள். நூறைத் தொட்ட பச்சைக் கோட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கி ‘இரண்டாம் கட்டம்’ என்று பெயர் மாற்றினேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஜனனியிடம் இதற்கெல்லாம் அக்காவின் குடும்பம் சம்மதித்ததாகச் சொல்லியிருந்தேன்.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம் அழகுசுந்தரம் அண்ணன் வந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“தம்பி, டவுன் பஸ்ஸுல பொன்னு பேசுனா” என்றார். “எனக்கு முன்னாடி சீட்டுல ஒரு பிள்ளையோட போன்ல. புதுசா வந்திருக்கீகளான்னு கேட்டா.”

ஜனனி என்னைப் பார்த்தாள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒன்று மட்டும் கேட்டார். “அதுல என்னையப் பத்தி எங்கயாச்சும் பேசியிருக்காளா? அவ எம் பேரச் சொன்னதே இல்ல. அவுகன்னு சொல்லுவா. அந்த ஒரு சொல்லு இருந்தாக்கூடப் போதும், எனக்கு அனுப்பிவிடுங்க.”

“தேடிப் பாத்துட்டேண்ணே, அப்படி ஒண்ணும் இல்ல” என்றேன்.

“நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கணும்” என்றார். “ஆப்பரேசனுக்கு நாள் குறிச்சுட்டாக. என் கிட்னி அவளுக்குச் சேருதுன்னு சொல்லிட்டாக. பங்குனி கழியட்டும், பங்குனி கழியட்டும்னே சொன்னா. பயந்துட்டா போல. நான் விட்டுட்டேன். தைலயே செஞ்சிருந்தா பொழைச்சிருப்பான்னு டாக்டரு சொன்னாக.”

“உங்க தப்பு இல்லண்ணே” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்வதற்காகப் பிடித்தார். அன்றிலிருந்து அந்தக் கையால் சோறு எடுத்துச் சாப்பிட முடியவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனால் கடைசி வரிசையில் நிற்கிறேன், துஆவுக்குக் கை ஏந்தினால் அவர் பிடித்த இடம்தான் கண்ணில் படுகிறது.

மறுநாள் ஜனனி இந்த ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்தாள். இறந்தவரின் குரலை அனுமதி இல்லாமல் பயன்படுத்தியது, பொய் அறிவிப்பு. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீங்களும் இரண்டு நாளாக அதைப் பற்றி மட்டும்தான் கேட்கிறீர்கள். அவையெல்லாம் உண்மை, கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது.

அண்ணன் கேட்ட பதிவு இருக்கிறது, மேடம். அழிக்கவில்லை. அழிக்கப் போய் மூன்று முறை திரும்பிவிட்டேன். தை மாதம் பதினோராம் தேதி, மெஷினில் படுத்திருந்தபடி எனக்கு மட்டும் அனுப்பியது. மனப்பாடமாக இருக்கிறது.

“தம்பி, அடுத்த வாரம் ஆப்பரேசனுக்கு வரச் சொல்லிட்டாக. அவுக கிட்னியத்தேன் எடுக்கணுமாம். அவுக லோடு தூக்குற ஆளு, அறுத்துப்புட்டா அப்புறம் தூக்க முடியுமோ என்னமோ. கோடு எண்பத்தொண்ணுக்கு வந்துருச்சே. பங்குனிக்குள்ள நூறாயிருமா? மருந்து வந்துரும்னா சொல்லுங்க, நான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துக்கிறேன். அவுகள அறுக்க வேணாம். நீங்க சொன்னாச் சரி.”

மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஜனனி சாப்பிடப் போயிருந்தாள். அந்தக் கோட்டின் முடிவில் மருந்து இல்லை என்று இந்த ஊரில் என்னைவிடத் தெளிவாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. ‘ஆப்பரேசனுக்குப் போங்கக்கா’ என்று அடித்தேன். அனுப்பவில்லை. போனால் மூன்று மாதமாவது படுத்திருப்பார் என்று நினைத்தேன். மூன்று மாதம் வரவேற்க ஆள் இருக்காது, பங்குனி முடிவு அதற்குள் வந்துவிடும் என்று நினைத்தேன். அடித்ததை அழித்தேன். பிறகு எழுதினேன்: ‘காத்திருங்க அக்கா. இன்னும் பத்தொன்பதுதான்.’

அவர் ஒரு பூப் படம் அனுப்பினார்.

நான் ஆப்பரேசன் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றுதான் இத்தனை நாள் எனக்குச் சொல்லிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அவரைக் கொன்றது கிருமி இல்லை, பயம் இல்லை, நான்.

அந்தப் பதிவை அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். அதில் ‘அவுக’ என்று மூன்று இடத்தில் வருகிறது. கீழே இருக்கும் என் பதிலை மட்டும் அவருக்குக் காட்ட வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை மேடம், அவர் மனசு தாங்காது, அதற்காகத்தான்.